குளிருக்குத் தனிப் படி

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும், ஐந்தாவதோடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நானும் ஓர் அக்காவும் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தோம். அவர் பக்கத்துக் கொட்டச்சேடு ஊர்க்காரர், நிரந்தர வேலை. நான் தொகுப்பூதியம். வேலை ஒன்றுதான், சம்பளம் வேறு. அதுகூடப் போகட்டும். பனிக்காலம் வந்தால் அவருக்கு மட்டும் சம்பளத்தோடு குளிருக்கென்று ஒரு படி வரும். என்னைக் குளிர் தொடாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அக்காவுக்கு அது உறுத்தியது. அதனால் பனி மாதங்களில் வெளிவாசல் முழுவதையும் அவரே பெருக்குவார். "குளிருக்குக் காசு வாங்கறவ நானு. நீ போயி அடுப்புகிட்ட நில்லு கண்ணு" என்பார். நான் உள்ளே பெருக்கிவிட்டு எல்லாருக்கும் டீ போடுவேன்.

ஒரு மார்கழியில், சம்பள வேறுபாட்டை விசாரிக்கச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் மனது வைத்து எழுதினால் எனக்கும் அந்தப் படி கிடைக்கும் என்றார்கள். என்ன பேச வேண்டும் என்று அக்கா வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அன்றைக்கு ஒரு நாளாவது பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கும்போது அக்கா மூடுபனிக்குள் சில்வர் ஓக் சருகைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டு நிற்கிறேன்.

"அவங்க வெளியே, நீங்க உள்ளே. வேலையே வேறயா இருக்கேம்மா" என்று பேனாவை மூடப் பார்த்தார்.

சொல்லிக்கொடுத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. நேரே வெளியே போய் அக்கா கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை.

"நொம்பக் குளுருது, உள்ள போ சாமி."

"உடுங்கக்கா, நானும் பெருக்கறவதானுங்க."

அதிகாரி வராந்தாவில் நடுங்கிக்கொண்டே, தினமும் இப்படித்தானா என்று கேட்டார். அக்கா விளக்குமாற்றை விடாமலே சொன்னார்: "வெயில் நாள்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்க சார் பெருக்குவோம். உங்க படிதானுங்க எங்களப் பிரிச்சுது. அவளுக்கும் ஒண்ணு குடுங்க, அவளும் நனையட்டும்."

அவர் சிரித்துவிட்டு மறுபடி பேனாவைத் திறந்தார்.

அடுத்த பனிக்கு எனக்கும் படி வந்தது. முதல் நாளே இருவரும் வெளியே இறங்கிவிட்டோம். வெகு நேரம் பார்த்துவிட்டு ஹெட்கிளார்க் வாசலுக்கு வந்து, டீ என்னாயிற்று என்றார்.

"நாங்க ரெண்டு பேருமே இப்பக் குளுருக்குக் காசு வாங்கறோமுங்க" என்றார் அக்கா.

அந்தப் படிக்குச் சரியான பெயர் என்ன, எனக்கு வந்தது எந்த வருடம் என்பதை, அந்த ஆபீசில் இருந்தவர்கள் யாராவது பார்த்துச் சரியாக எழுதிச் சேர்க்கவும். டீ விஷயம் மட்டும் சரிதான்.