செவ்வாய்க்கிழமை போன்

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு 'மஞ்சக்கோடு' என்று பெயர். ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், நட்டிலிருந்து பக்கத்து இரும்புத் தகடு வரை மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மெக்கானிக்குகளும் போடுகிற கோடுதான். ஆனால் அவர்கள் கிறுக்குவார்கள், இவர் ஸ்கேல் வைத்ததுபோல் போடுவார். பதினேழு வருடத்தில் இவர் போட்ட கோடு ஒன்றுகூட உடைந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிவேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர், செவ்வாய்க்கிழமை வந்தால் காலை பதினொரு மணிக்குள் எனக்குப் போன் செய்துவிடுவார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை அந்த எலும்பு டாக்டர் கட்டடத்துல நாலு நட்டையும் முடுக்கினேனா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை? நான் திரைச்சீலை தைக்கிறவன்."

"இல்ல... மனசு கெடந்து அடிச்சுக்குது. எதையோ விட்டுட்ட மாதிரியே இருக்கு. யாராவது விழுந்துட்டா?"

"லிஃப்டுல ஏறுறவங்க பயப்படுறது சரி. அதைக் கட்டி மேய்க்கிற நீங்க பயப்படலாமா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கைதான் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். கிண்டல் தானாக வரும்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் என் வீட்டு மொட்டைமாடிக்கு வருவார். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். என் மனைவி இறந்த பிறகு தொடங்கியது. நான் பிராந்தி ஊற்றுவேன், இருவரும் குடிப்போம். அவருக்கு மூன்று கிளாஸ், சில நாள் நான்கு. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். மறுநாள் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கட்டை மாதிரித் தூங்குவேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முகம் சுருங்கும். திங்கட்கிழமை பேச்சு நின்றுபோகும். செவ்வாய்க்கிழமை பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி என்றால் குடியைச் சந்தேகப்பட்டிருப்போம். சனிக்கிழமை குடித்ததற்குச் செவ்வாய்க்கிழமை பயம் வரும் என்று யார் கண்டது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நேரே எலும்பு டாக்டர் கட்டடத்துக்கே போய்விட்டார். கம்பெனி அனுப்பவில்லை; கையெழுத்துப் போடவில்லை; காவலாளியிடம், "சும்மா ஒரு பார்வை" என்று சொல்லிவிட்டு லிஃப்டின் கூரைமேல் ஏறியிருக்கிறார். ஏறியவர், அங்கிருக்கும் சுவிட்சைப் பராமரிப்புப் பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் யார் பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் அசையாது. திருப்பினார். நட்டுகளைப் பார்த்தார். நான்கிலும் மஞ்சள் கோடு வகிடு எடுத்ததுபோல் நேராக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். இவருக்கோ, 'முடுக்காமலே கோடு போட்டிருந்தால்?' என்று தோன்றியிருக்கிறது. நான்கையும் கழற்றி, மறுபடி முடுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டார். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்ற பதற்றத்தில், ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் படிவழியே இறங்கிப் போய்விட்டார். சுவிட்சைத் திருப்பிப் போட மறந்துவிட்டார்.

லிஃப்ட் அசையவில்லை. அவர் வந்துபோனது கம்பெனியில் யாருக்கும் தெரியாததால், காரணம் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான்காவது மாடியிலிருந்து, காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெரியம்மாவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காவலாளி சொல்லி விஷயம் தெரிந்தும் மேனேஜர் திட்டவில்லை. "உனக்கு என்னய்யா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாராம். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது இவருக்கு.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, உடனே வா. வேலையை விடப்போறேன்னு லெட்டர் எழுதிட்டு உட்கார்ந்திருக்கார்."

போனேன். சாப்பாட்டு மேஜையில் கடிதம். 'என் கைமேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது' என்று ஒரு வரி. அந்தக் கை போய்விட்டால் இந்த மனிதரிடம் என்ன மிச்சம்?

"மாப்பிள்ளை, பதினேழு வருஷத்துல ஒரு தப்பு. இதுக்குப்போய்..."

"தப்பு நேத்துதான் நடந்துச்சு மச்சான். பயம் மூணு வருஷமா இருக்கு. எனக்குள்ள ஏதோ கெட்டுப்போச்சு."

தங்கை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஒண்ணும் கெடல," என்றாள். என்னைப் பார்த்து, "அண்ணா, நீ ஓட்டல் ஆர்டருக்காக வெளியூர் போனியே, ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் இவர் நல்லா இருந்தார். செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது பாட்டுகூடப் பாடினார். நீ திரும்பி வந்த அடுத்த வாரமே பழையபடி."

"நான் என்னடி பண்ணேன்?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"கிளினிக்குல கேட்டேன். சிலருக்கு அப்படித்தானாம். குடி இறங்குன பிறகு ரெண்டு மூணு நாள் மனசு தானா பயத்தைக் கிளப்புமாம். நெஜத்துல ஒண்ணுமே இருக்காதாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல்தான். "ஒத்துக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன கழுத்துல கத்தியா வச்சேன்?"

அவர் கடிதத்தின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மடித்தார். "எனக்கு அது முதல்லேர்ந்தே பிடிக்காது மச்சான். ருசியே பிடிக்காது. அக்கா போன புதுசுல நீங்க தனியா உட்கார்ந்து குடிச்சுட்டிருந்தீங்க. ஒருநாள் நான் வந்தப்போ பாட்டில் முக்கால்வாசி காலி. நான் உட்கார்ந்தா பாதி எனக்குன்னு ஆயிடும்ல. அதான் உட்கார்ந்தேன்."

மூன்று வருடம். வாரம் மூன்று கிளாஸ். என் பங்கைக் குறைக்க இந்த மனிதர் குடித்திருக்கிறார். அதற்கான பயத்தை எல்லாம் தனியாகச் சுமந்திருக்கிறார். அவர் போன் செய்தபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். என் தங்கை வீட்டில் நான் அழுதது அன்றுதான்.

அழுது முடித்துக் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "மூணு வாரம் என்கிட்ட இருக்கட்டும். அப்பவும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா நானே மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறேன்."

சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்தார். மேஜைமேல் டீ பிளாஸ்க் இருந்தது. "உங்களுக்கு மச்சான்?" என்றார். "எனக்கும் அதேதான்," என்றேன். எனக்குக் கை பழைய கிளாஸைத் தேடியது. டீயைக் குடித்து முடித்தோம். கடைசியில் என் கதவுக் கீல்களைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கோடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பத்து மணி, பதினொரு மணி, பதினொன்றரை. போன் வரவில்லை. இரண்டு தரம் தையல் கோணி, பிரித்துத் தைத்தேன். பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, எல்லாம் சரிதானே?"

பின்னால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது.

"லிஃப்ட் மேல நிக்கிறேன் மச்சான். அப்புறம் பேசறேன்," என்று பட்டென்று வைத்துவிட்டார்.