கொண்டை பிடித்த கை

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பந்து விளையாட ஆசைப்பட்டான். விஷயம் அவ்வளவுதான். ஒரு பிள்ளை பந்து உதைப்பதற்காகப் பெற்றவள் பஸ் ஏறி, சண்டை போட்டு, வாய் கூசாமல் பொய் சொல்லி, கடைசியில் சாமிக்குக் கிடாயும் வெட்டினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். பட்டவள் நான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குக் கீரமங்கலத்துப் பக்கம் ஊர். என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் மளிகைக்கடை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டர் என்று தனியாக ஒருத்தர் அப்போதுதான் வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. பெரிய பையன்களுக்கு ஒரு புட்பால் செட், சின்னப் பையன்களுக்கு ஒரு செட் என்று ஆரம்பித்துவிட்டார். தை மாதக் கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு ஆட வருவதாக ஏற்பாடு. அதுவரை துணிப்பந்தைத் தெருவில் உதைத்துக்கொண்டு திரிந்த என் மகன் ஒரு நாள் மூச்சு வாங்க ஓடிவந்து, "ஆத்தா, நானும் செட்டுல இருக்கேன்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் அவன் தலையில் முடி இருந்தது. முடி என்றால் கொஞ்சநஞ்ச முடியா? அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தொடும்.

அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனுக்கும் கைக்குழந்தையில் காய்ச்சல் வந்து கண் செருகியபோது, மூன்றாவது வயதில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்குகிறோம் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டோம். நேர்ந்த முடியில் அதுவரை கத்தி படக் கூடாது. பிள்ளை பிழைத்தான். மூன்று வயதும் ஆனது. அந்த நேரம் பார்த்துத்தானா என் அண்ணன் குளத்தூர்ப் பக்கத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்ச வேண்டும்?

அந்த விசேஷத்தில் என் வீட்டுக்காரரை அண்ணன் தன் வாயால் சாப்பிடக் கூப்பிடவில்லை. யாரோ ஒரு பையனை விட்டு, "மாமாவைப் பந்திக்கு வரச் சொல்லுடா" என்று சொல்லியனுப்பினாராம். குற்றம் அதுதான். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பன்னைத் தின்றுவிட்டு, "இனிமே ஒங்கண்ணன் மடி என் மகனுக்கு வேணாம்" என்றார். அண்ணனுக்கு இது காதில் விழுந்ததும் அவர் பங்குக்கு அவரும் முறுக்கிக்கொண்டார். "அவரு வந்து வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டாத்தான் வருவேன்" என்றார். இவர் கூப்பிடவில்லை, அவர் வரவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அந்த மத்தளம் நான். இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. முடி மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

வகுப்பில் அவனுக்கு 'அக்கா' என்று பெயர். காலையில் நான் எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போட்டு அனுப்புவேன். ஓடினால் அது அவிழ்ந்து கண்ணில் விழும். அதனால் ஓடும்போதெல்லாம் இடது கையைத் தூக்கித் தலையில் வைத்து, கொண்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடுவான். மூன்று வயதிலிருந்து அப்படித்தான் ஓடிப் பழகியிருந்தான். குடம் சுமக்கிற பெண் மாதிரி இருக்கும் பார்ப்பதற்கு. முதலில் நானும் சிரித்திருக்கிறேன்.

செட்டில் சேர்ந்த இரண்டாம் வாரமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். என்னடா என்று கேட்டால் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் நானே பள்ளிக்கூட வேலி ஓரமாகப் போய் நின்று பார்த்தேன். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரே வருகிற பயல் பந்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் போய்க் கொண்டையைப் பிடித்து ஒரு இழுப்பு. என் பிள்ளை மல்லாக்க விழுகிறான். மற்றதுகள் கைதட்டிச் சிரிக்கின்றன. எனக்கு வந்ததே ஆத்திரம்! வேலியைச் சுற்றிக்கொண்டு நேரே டிரில் மாஸ்டரிடம் போனேன்.

"ஏன் சார், இதையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, விசில் எதுக்கு வச்சிருக்கீங்க?"

பாவம், நல்ல மனுஷர். தலையைச் சொறிந்தார். "நான் என்னம்மா செய்யிறது? சடையப் புடிச்சு இழுத்தா ஃபவுலான்னு பயலுக கேக்குறானுங்க. ரூல் புத்தகத்துல சடையப் பத்தி ஒண்ணுமே போடலீங்களே! பய நல்லா ஓடுறான், நான் இல்லைங்கல. முடிய எறக்கிக் கூட்டியாங்க. இல்லாட்டி அவன் எடத்துல வேற பயலத்தான் போடணும்."

அடுத்த நாள் கொண்டைக்கு மேல் ஒரு பழைய வேட்டிக் கிழிசலை இறுக்கித் தலைப்பாகை கட்டி அனுப்பினேன். அதையும் அவிழ்த்து, பந்தாகச் சுருட்டி உதைத்து விளையாடிவிட்டார்கள். கிழிசல் வரவில்லை, பிள்ளை மட்டும் அழுதுகொண்டு வந்தான்.

அன்றைக்கு இவர் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, எங்கண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லி விடுங்க. வாங்கன்னு சொன்னா வாயில முத்தா உதுந்துரும்?"

"மொதல்ல குழம்ப ஊத்து."

"புள்ளைய செட்ட விட்டுத் தூக்கப் போறாங்க."

"தூக்கட்டும். பந்து ஒதச்சு யாரு கோட்டையப் புடிச்சா?"

பிள்ளை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் குழம்பை ஊற்றினேன். எப்படி ஊற்றினேன் என்பது இலைக்குத்தான் தெரியும்.

கடைக்குச் சரக்கு எடுக்க இவர் தஞ்சாவூர் போன நாளில் நான் குளத்தூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் என்னை நன்றாகத்தான் உபசரித்தார். "சாப்புடு ஆத்தா, எளச்சுப் போயிட்டியே" என்று தானே பரிமாறினார். முடி விஷயத்தைச் சொன்னதும் முகம் கல்லாகிவிட்டது.

"நான் என்ன வர மாட்டேன்னா சொன்னேன்? மாப்ள வந்து மொறையாக் கூப்புடட்டும். தாய்மாமன்னா அவ்வளவு எளக்காரமாப் போச்சா?"

"அண்ணே, புள்ள மொகத்தப் பாத்தாச்சும்..."

"புள்ள மேல எனக்கு என்ன கோவம்? அது எங்க ரத்தம்ல!"

இரண்டு பேருக்கும் பிள்ளை மேல் ஒரு கோபமும் இல்லை. பிள்ளை என்றால் உயிர். அந்த உயிரைக் கொண்டையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பதுதான் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்ததோ இரண்டு பூசாரிகள்.

அடுப்படிக்குள் போய் அண்ணியிடம் உட்கார்ந்தேன். அண்ணியிடம் ஒன்றைச் சொன்னால் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை. "அண்ணனுக்கு மனசு வரல அண்ணி. என்ன செய்யிறது? எங்க திருமயத்துப் பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவரும் எனக்கு அண்ணன்தானே. வர்ற வியாழக்கிழமை அவரு மடியில வச்சு மொட்டை போட்டுறலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றேன். அண்ணியின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்து இவரிடமும் அதையே சொன்னேன். "யாரு மடியா இருந்தா என்ன, அவன் மடியா இல்லாட்டிச் சரி" என்றார். கிடாய்க்கும் சமையலுக்கும் சொல்லியாயிற்று. உண்மை என்னவென்றால், திருமயத்து அண்ணனுக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை தலையை நனைத்தாகிவிட்டது. "எங்க ஒங்க திருமயத்து அண்ணன்?" என்று இவர் கேட்கக் கேட்க, "வாராரு, வாராரு" என்று சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போனது. சனிக்கிழமை ஆட்டம். மடி கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு இடம் போச்சு, எனக்கு மானம் போச்சு.

வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கினார். பின்னாலேயே அண்ணி, தாம்பாளத் தட்டுகள், பட்டுத் துணி, மாலை. அண்ணனுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தன. "எவன்டா அவன், நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கையில என் மருமகனுக்கு மடி குடுக்க வந்தவன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என் வீட்டுக்காரருக்கு நேர் எதிரே வந்து நின்றுவிட்டார்.

இவர் துண்டைச் சரி செய்துகொண்டார். "வாங்க மச்சான்" என்றார்.

"இருக்கீங்களா மாப்ளே" என்றார் அவர்.

அவ்வளவேதான். இந்த இரண்டு சொல்லுக்கா நாலு வருஷம்? எனக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தது. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் அண்ணன் மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். தங்கக் கடுக்கன்! ஆசாரியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். மொட்டை போட்டால் காதும் குத்துவார்கள் என்பது ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். முடி முடி என்று அலைந்த எனக்குத்தான் காது நினைவுக்கே வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். "சனிக்கிழமை பந்தாட்டம் இருக்கு, காத இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமே" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிள்ளை வீல் என்று அலறினான். இரண்டு காதும் வீங்கிப்போயின.

சனிக்கிழமை சாயங்காலம் கண்மாய்க் கரைப் பொட்டலில் ஆட்டம். அண்ணன் ஊருக்குப் போகவில்லை, மாப்பிள்ளையோடு பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தார். இருவரும் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, கடலை தின்றுகொண்டு, ஏதோ நிலத்து விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிரில் மாஸ்டர் என் மகனின் மொட்டையைப் பார்த்து, "சபாஷ்!" என்றார். காதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கடுக்கனோட விட மாட்டேம்மா. பந்து பட்டா காது பிஞ்சுரும்."

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாய்மாமன் போட்ட கடுக்கனை மூன்றாம் நாளே கழற்றுவது லேசான காரியமா? கழற்றினேன். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, அவர்கள் உட்கார்ந்திருந்த அதே வேப்பமரத்தில் ஈர்க்கு ஒடித்து, தேய்த்து, இரண்டு காதிலும் சொருகிவிட்டேன். மரத்தடியில் பேச்சு நின்றது.

"மச்சான் போட்டதையா கழட்டுற? ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"விடுங்க மாப்ளே, ஒங்க மரியாதைய நெனச்சாளா, என் மரியாதைய நெனச்சாளா!" என்றார் அண்ணன்.

நாலு வருஷமாக முகம் பார்க்காதவர்கள், சேர்ந்து செய்த முதல் வேலை என்னைத் திட்டியதுதான். நான் திரும்பியே பார்க்கவில்லை. பிள்ளையை முதுகில் தட்டி உள்ளே அனுப்பினேன்.

விசில் ஊதினார்கள். என் மகன் ஓடினான். ஓடிய வேகத்தில் அவன் இடது கை தானாக மேலே போய் மொட்டைத் தலையில் உட்கார்ந்துகொண்டது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கை இறங்கவில்லை. வியர்வை வழியும் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பொட்டல் முழுக்க ஓடினான். "கைய எறக்குடா! எறக்குடா!" என்று கத்தினேன். கேட்டால் உடனே இறக்குவான். பந்து வந்தால் மறந்துவிடுவான், கை மறுபடியும் மேலே.

ஆனால் ஆடினான். இரண்டு தடவை பந்தைப் பறித்துக் கொடுத்தான். பிடித்து இழுக்கக் கொண்டை இல்லாததால் அவனை ஒருவராலும் மல்லாக்கத் தள்ள முடியவில்லை. ஒருவருக்கும் கோல் விழவில்லை. முடியப் போகிற நேரத்தில் எங்கள் கோலுக்கு முன்னால் பந்து உயர எழும்பி வந்தது. என் பிள்ளைதான் அடியில் நின்றான். பந்து நேரே வந்து, தலைமேல் இருந்த அவன் கையில் பட்டது.

"ஹேண்ட்ஸ்!" என்று பொட்டலே கத்தியது. விசில். பெனால்டி. அவர்கள் பெரிய பயல் ஒருவன் வந்து உதைத்தான். கோல். ஆட்டம் முடிந்துவிட்டது.

என் மகன் நின்ற இடத்திலேயே நின்று, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வேப்பமரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அண்ணன் கடலைத் தோலை ஊதிவிட்டுக் கேட்டார், "ஏன் மாப்ளே, பய எதுக்குத் தலையில கைய வச்சுக்கிட்டே ஓடுறான்?"

"அதான் மச்சான் எனக்கும் புரியல. அவங்க ஆத்தாளத்தான் கேக்கணும்" என்றார் பெற்ற தகப்பன்.

இத்தனை வருஷம் அவன் ஓடியதை இவர்கள் ஒரு நாளாவது பார்த்திருக்கிறார்களா?

"நான் சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்றேன். பொட்டலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "நாலு வருஷமா ஒங்க ரெண்டு பேரு வீம்பையும் அவன்தான் தலையில வச்சுச் சொமந்தான். கீழ விழுந்துறாமப் புடிச்சுக்கிட்டே ஓடினான். நீங்க நேத்து முந்தாநாளு சமாதானமாகிட்டீங்க. அந்தக் கைக்கு அது இன்னும் தெரியல."

கடலைப் பொட்டலம் அண்ணன் மடியிலேயே கிடந்தது. என் பிள்ளை அவர்களை ஒரு பார்வை பார்த்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அந்த இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வீடு போய்ச் சேருகிறவரை வெளியே எடுக்கவே இல்லை.