அண்ணன் கட்ட வேண்டாத வரி

அண்ணனின் இந்த நினைவு மலருக்கு நான் எழுதுவதாகவே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எதை எழுதினாலும் கிண்டலில்தான் போய் முடியும். மதினிதான் விடவில்லை.

அண்ணன் பாம்பனில் பிறந்தார். எங்களைப் பெற்ற அய்யா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், படிப்பை விட்டு விசைப்படகில் ஏறினார். இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது. பிறகு கரையில் படகுக்காரர்களிடம் கணவாய் மீன் வாங்கிக் கம்பெனிகளுக்கு அனுப்பும் வேலை பார்த்தார். கம்பெனிக்காரர்கள் எல்லாப் படகுக்கும் சேர்த்து அண்ணன் பேங்க் கணக்கில்தான் பணம் போடுவார்கள். அன்றைக்கே எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுவார். அவருக்கு நின்றது சின்னக் கமிஷன்தான்.

அந்தப் பணம் அத்தனையும் அண்ணனுடைய வருமானம் என்று வரி உத்தரவு வந்தது. வீட்டை விற்றாலும் கட்ட முடியாத தொகை. முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும்.

“என்ன கோடீஸ்வரரே, ஹெலிகாப்டர் எப்ப வருது?” என்றேன்.

“என்னதுலே?”

“ஹெலிகாப்டரு!” என்று கத்தினேன்.

“வரட்டும். மொதல்ல ஒன்னய ஏத்திக் கொண்டுபோய் தனுஷ்கோடில எறக்கி விடுறேன்” என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பணம் தங்களுடையதுதான் என்று படகுக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் அப்பீல் ஜெயிக்கும் என்றார் ஆடிட்டர். அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை.

“அவுகளுக்கும் நோட்டீஸ் வந்துச்சுன்னா? புள்ளகுட்டிக்காரங்கலே” என்றார்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தவர்களிடம் மதினி அழுகையோடு அழுகையாக விஷயத்தைச் சொன்னார்.

“எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலயே அந்த மனுசன்” என்று தலையில் அடித்துக்கொண்டார் ஒரு படகுக்காரர். “எங்களுக்கு நோட்டீஸ் வந்தா வரட்டும். கையெழுத்த எங்கன போடணும்?”

ஒருவர் பாக்கியில்லாமல் போட்டார்கள். மதினி வாரிசாகக் கையெழுத்திட்டு, கெடுவின் கடைசி நாளில் அப்பீல் போனது.

அந்தப் படகுக்காரர்களையும், பீஸ் வாங்காமல் அலைந்த ஆடிட்டரையும், அடுப்பு எரியாத நாளெல்லாம் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவையும் கைகூப்பிக் கும்பிடுகிறோம்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. அந்த வரியை அண்ணன் கட்ட வேண்டாமாம்.

சின்ன வயதிலிருந்து கூடவே திரியும் சேக்காளியைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். “கோடீஸ்வரரே, ஜெயிச்சிட்டீக” என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.

மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டிருந்த சேக்காளி சொன்னான்:

“சத்தமாச் சொல்லுலே, அண்ணனுக்குக் கேக்காதுல்ல.”