வடக்குக் கரையில் அம்மா கார் ஓடிய நாள்

யோசனை வந்தது நோர்த் சேர்குலர் வீதியில், அசையாமல் நின்ற காருக்குள். ஹவுன்ஸ்லோவில் சின்னம்மா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு குட்மேய்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். பக்கத்தில் அம்மா, மடியில் காலிச் சட்டிகள். பின்சீற்றில் நான், பல்கலைக்கழக இரண்டாம் வருடம், கையில் போன். வரைபடத்தில் லண்டன் முழுக்க நெரிசலின் சிவப்புக் கோடுகள். பொழுது போகாமல் படத்தை விரலால் கீழே இழுத்தேன். பேர்மிங்காம் போனது, மன்செஸ்டர் போனது, எடின்பரோவும் போனது. இன்னும் இழுத்தேன். நாட்டின் உச்சியில், கடலை ஒட்டி, நூல் மாதிரி ஒரே ஒரு தெரு. சிவப்பு என்ற பேச்சே இல்லை.

அம்மா இதில் கார் ஓடலாமே என்று நினைத்தேன்.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. விழுந்து விழுந்து படித்து, பல தரம் தவறி, கடைசியில் எடுத்தது. எடுத்த அன்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அந்த சந்தோசத்தில்தான் அந்த வார்த்தையும் வந்தது: "கெட்டிக்காரி! இனி கோயிலடி மட்டும் ஓடும். அங்கால போறதெண்டா நான் உயில் எழுதிப்போட்டுத்தான் ஏறுவன்." எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். பிறகு லைசென்ஸைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு கைப்பையின் உள்ளறையில் வைத்து ஸிப்பை இழுத்துவிட்டார். அதன்பின் கோயிலடிதான் எல்லை.

இதனால் வந்த நட்டம் சின்னம்மாதான். லண்டனில் அம்மாவுக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவர் நகரத்தின் மற்ற அந்தத்தில். அப்பாவுக்கு லீவு கிடைத்தால்தான் பயணம். ரெயின் இருக்கிறதே என்று நான் சொன்னால், "போனில முகம் பாக்கலாம், ரெயினில தனியவும் போகலாம். குழம்புச் சட்டியோட ஏறேலுமே?" என்பார் அம்மா. வெறுங்கையோடு போவது அம்மாவின் கணக்கில் போவதாகாது.

ஆகவே ஜூன் மாதத்தில் ஸ்கொட்லாந்து போவோம் என்று வீட்டில் பிரச்சாரம் தொடங்கினேன். அம்மா ஓடுவது பற்றி மூச்சும் விடவில்லை.

"அங்க என்ன கிடக்கு? கல்லும் ஆடும்," என்றார் அப்பா.

"கடலோரத் தெரு அப்பா. லைற்றே இல்லை, கமரா இல்லை, ட்ரபிக் இல்லை."

வேலைக்கு நாள் முழுக்க டெலிவரி வான் ஓடுகிறவருக்கு அது போதுமாயிருந்தது.

குட்மேய்ஸில் வெளிக்கிட்ட காலை, வழக்கம்போல காரின் நான்கு ரயருக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார் அம்மா. அப்பா அவற்றை நசித்துக்கொண்டு காரை வெளியே எடுத்தார். எங்கள் தெருவில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதி வீடுகளின் வாசலில் நசிந்த தேசிக்காய் கிடக்கும். அம்மாவிடம் கூடுதலாக ஒரு விதி உண்டு. ஸ்டியரிங்கில் கை மாறினால் புதுத் தேசிக்காய் வேண்டும். அதற்கென்று பையில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். வேறு யார் ஓடப்போவதாக நினைத்து அம்மா அதை எடுத்தார்?

இன்வர்னஸில் படுத்தெழும்பி, மறுநாள் காலை வடக்கே திரும்பினோம். இப்போது நினைத்தாலும் அந்தக் காரின் வாசம் வருகிறது: சாம்பிராணி, கட்லட், ஈரக் கோட்டு. தெரு மெலிந்துகொண்டே போனது. நடுக்கோடு மறைந்தது. பிறகு ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம். கொஞ்சத் தூரத்துக்கு ஒருதரம் ஓரத்தில் தெரு சற்றுப் புடைத்திருக்கும்; எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் அதற்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழி கிடைத்தவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்.

"ஆரப்பா அது? உங்கட வேலையிடத்து ஆளோ?" முதல் கை உயர்ந்தபோது அம்மா கேட்டார்.

"இஞ்ச எல்லாரும் எல்லாருக்கும் கை காட்டுவினம்."

"குட்மேய்ஸில ஹோர்ன்தானே அடிப்பினம்," என்றார் அம்மா. அதன்பின் வந்த ஒவ்வொரு காருக்கும் அவரே முந்திக்கொண்டு கை காட்டினார்.

மதியம் ஒரு ஏரிக்கரையில் நிறுத்திச் சாப்பிட்டோம். பைக்குள் ஒரேயொரு தேசிக்காய்தான் மிஞ்சியிருந்தது. மற்றவை வழியெல்லாம் கட்லட்டுக்குப் போய்விட்டன. அப்பா அதை எடுத்து, வெட்டி, பால் விடாத பிளேன் ரீக்குள் பிழிந்து, சக்கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனந்தமாகக் குடித்தார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைக் குனிந்து தூக்கினார். அங்கேயே, குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"நாரி பிடிச்சிட்டுது. இடுப்பை அசைக்கேலாது."

இருவருமாகப் பிடித்து அவரைப் பின்சீற்றில் சரித்தோம். போனில் சிக்னல் இல்லை. இரவுக்கு அறை எடுத்திருந்த ஊர் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால். எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் அந்தக் காரின் இன்சூரன்ஸில் என் பெயர் இல்லை. என் வயதுக்கு அவர்கள் கேட்ட விலை அப்படி. அம்மாவின் பெயர் இருந்தது. நான் ரகசியமாகப் போட்ட திட்டம் தானாக வந்து வாசலில் நின்றது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அந்தத் திட்டத்தை ஏன் போட்டேன் என்றிருந்தது.

அவர் பைக்குள் கைவிட்டுத் தேடினார். நிமிர்ந்தார்.

"தேசிக்காய் இல்லை."

"இல்லாட்டி என்ன, காரை எடும்," என்றது பின்சீற்றிலிருந்து ஒரு முனகல்.

"வைக்காமல் நான் எடுக்க மாட்டன்."

பிறகு பின் யன்னலால் ஒரு கை நீண்டது. உள்ளங்கையில், ரீக்குப் பிழிந்த தேசிக்காயின் இரண்டு பாதிகள்.

"இந்தாரும்."

"பிழிஞ்சது சரிவராது. ஐயர் ஏசுவார்."

"ஐயர் இல்ஃபோர்ட்டில இருக்கிறார். நான்தான் இஞ்ச படுத்திருக்கிறன். வைச்சிட்டு எடும்."

"உயில் எழுதியாச்சோ?" என்று கேட்டார் அம்மா.

அந்த வார்த்தையை அவர் மறக்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்கும்தான். "சிரிக்கப் பண்ணாதேயும், நாரி இழுக்குது," என்றார். குரலில் சிரிப்பைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது.

முன் ரயர்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு பாதி. அம்மா கும்பிட்டார். ஏறினார். கார் நகர்ந்தது.

அப்படியொரு மரியாதையான ஓட்டத்தை அந்தத் தெரு கண்டிருக்காது. எறும்பளவில் தூரத்தில் ஒரு கார் தெரிந்தாலே அம்மா ஒதுங்கி நிறுத்தி, "வாங்கோ, வாங்கோ" என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். ஓரிடத்தில் எதிரே வந்தவரும் ஒதுங்கி நின்றார். நாங்களும் நின்றோம். அவர் லைற்றை வெட்டிக் காட்டினார்.

"ஏசுறாரோ பிள்ளை?"

"போகச் சொல்லுறார் அம்மா!"

"அவர்தானே முதல்ல வந்தவர். அவர் போகட்டும்."

"கடவுளே," என்றது பின்சீற்று.

இரண்டு பேரும் நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் எதிர்க் காரிலிருந்து ஒரு வயதான மனிதர் இறங்கி, தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். அம்மா யன்னலை இறக்கினார். பிரச்சினை ஒன்றுமில்லை, நீங்கள் முதலில் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. மனிதர் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாரே என்று கட்லட் டப்பாவையும் நீட்டினார். அவர் ஒன்று எடுத்தார், கடித்தார், கண் கலங்கினார். உறைப்பு. "இன்னொண்டு எடுங்கோ," என்றார் அம்மா தமிழிலேயே. அதையும் எடுத்துக்கொண்டு போனார். எங்களைக் கடந்தபோது, கட்லட் இருந்த கையையே உயர்த்திக் காட்டினார்.

அதன்பின் அம்மா மாறிவிட்டார். இறுகியிருந்த தோள் இறங்கியது. ஆடுகள் குறுக்கே வந்தபோது பதறாமல் நிறுத்தினார். ஒரு ஏற்றத்தின் உச்சியில் வானம் மட்டும் தெரிந்து, அடுத்த கணம் முழுக்கடலும் கண்ணாடிக்குள் வந்து விழுந்தபோது, "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்றார், வேகத்தைக் குறைக்கவில்லை. பின்சீற்றிலிருந்து சத்தம் வராததைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தேன். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் ஓடும் காரில் கண்மூடாத மனிதர். கோச்சில் போனாலும் ட்ரைவருக்குப் பின்னால் இருந்து கூடவே பிரேக் மிதிப்பார்.

"நித்திரையோ?" என்றார் அம்மா, கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல்.

"ஓம்."

அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வெகுதூரம் வரை அது மறையவில்லை.

விடுதி வாசலில் நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "அக்காவிட்ட இருந்து கறி வந்திருக்கு எண்டு நான் போய் வாசலில நிண்டா, தங்கச்சி என்ன சொல்லுவாள்?" என்றார். பிறகு, "ஆனா அந்த நோர்த் சேர்குலரில ஒதுங்கி நிக்க இடமில்லையே பிள்ளை," என்றார்.

அந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை. அம்மா கோயிலடியைத் தாண்டி ரொம்ஃபோர்ட் வரை, ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ஓடுகிறார். நோர்த் சேர்குலர் மட்டும் மிச்சம். போன கிழமை சின்னம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது. இன்னும் சில வாரங்களுக்கு அடுப்படியில் நிற்க ஏலாது. இந்த ஞாயிறைத் தவிர அப்பாவின் ஷிப்டுகள் ஒன்றும் ஒத்துவரவில்லை. நேற்றுப் பின்னேரம் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் ஒரு பை தேசிக்காய், அடுப்பில் மீன்குழம்பு.

"ஞாயிறு விடிய வெளிக்கிடுவம், தெரு முழிக்க முதல்," என்றார் அம்மா. "நீ முன்னால இருந்து வழி சொல்லு."

"நான்?" என்றார் அப்பா.

"உங்களுக்கும் லீவுதானே. பின்னால படுங்கோ."

அப்பா எழும்பிப் போய்ப் பின்சீற்றுக்கு ஒரு தலையணை எடுத்து வைத்தார். தேசிக்காய்ப் பையை அம்மா அவர் கைக்கு எட்டாத அலுமாரி மேல்தட்டில் ஏற்றினார்.