செல்வாவின் மூன்றாவது பெடல்

செல்வா போய்விட்டான்.

காலையில் ரோவில் வீட்டில் இருந்து அவனுடைய மகள் போன். "அங்கிள்... அப்பா..." என்றாள்.

உங்களில் பலருக்கு அவனைத் தெரியாது. எழுபதுகளின் கடைசி. மெல்பேண் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலை. நான் டிராயிங் ஒப்பீசில் புது இன்ஜினியர், அவன் சம்பளப் பகுதியில் கிளார்க். முழு இடத்திலும் தமிழ் பேச நாங்கள் இருவர்தான். அதனால் தினமும் சண்டை.

அவனுக்குச் சின்ன வயதில் போலியோ. இடது காலில் பாதிப் பலம்தான்.

கீழே யாராவது "மனவுறுதியின் சின்னம்" என்று கமெண்ட் போட்டால் அழித்துவிடுவேன். அவனிடம் இருந்தது மனவுறுதி இல்லை. பிடிவாதம்.

கார் ஒன்று வாங்கினான். இரண்டு கதவு, வி-எயிட் எஞ்சின், ஆரஞ்சு நிறம், ஒட்டோமற்றிக். இடது காலால் மிதிக்கும் கிளச் பெடலே கிடையாது, வலது கால் போதும். அவனுக்கென்றே செய்த கார் என்று நான் நினைத்தேன்.

அவன் அப்படி நினைக்கவில்லை. அவனுடைய லைசென்ஸில் "ஒட்டோமற்றிக் மட்டும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி போகவேண்டும். அதற்குக் கிளச் உள்ள காரில் டெஸ்ட் ஓடிக் காட்டவேண்டும்.

"ஆரிட்டயாவது சின்னக் கார் ஒண்டு வாங்கி ஓடிக் காட்டன்ரா. கிளச் பஞ்சு மாதிரி இருக்கும்."

"என்ர காரிலதான் ஓடுவன்."

"உன்ர காரில கிளச்சே இல்லையேடா!"

"அதுக்குத்தானே மச்சான் உன்னை வைச்சிருக்கிறன்."

பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டில் அதே கம்பெனியின் பழைய மொடல் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. அதன் நாலு கியர் பொக்ஸ், கிளச், பெடல் எல்லாவற்றையும் கழற்றி அவனுடைய கராஜுக்குக் கொண்டுவந்தோம். பழைய பொக்ஸ், புதுக் கார். எஞ்சினோடு பொருந்தியது. பின்சில்லுகளைச் சுழற்றும் ஷாஃப்ட் பொருந்தவில்லை, வெட்டி ஒட்டினோம். கியர் லீவர் மேலே வருவதற்குத் தரையில் ஓட்டை போட்டேன்.

அவனுடைய மனைவி சாந்தி அந்த ஓட்டையை எட்டிப் பார்த்தார். "புதுக் கார்..." என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

எல்லாம் காரில் பூட்டி முடிந்தது. செல்வா ஏறி இருந்து இடது காலால் கிளச்சை மிதித்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அமத்தினான். அப்போதுதான் இறங்கியது.

அப்படி ரோட்டில் ஓட முடியாது.

பெடலின் கையை நீட்டினால் பாரம் குறையும். ஆனால் மிதிக்கும் தூரம் கூடும், அதற்குள் பெடல் தரையில் முட்டிவிடும். பௌதிகம். அதோடு பேரம் பேச முடியாது. நடுவில் ஒரு நீளம் பிடித்து வெல்ட் பண்ணினேன். இப்போது அவனுடைய காலுக்கு இறங்கியது, ஆனால் கிளச் அரைகுறையாகத்தான் விட்டது. கியர் மாற்றினால் கறகற...

முதல் ஓட்டம். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைக்காமல் எடுக்கக்கூடாது என்றார் சாந்தி. அந்தக் காலத்து மெல்பேணில் தேசிக்காய்க்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மரத்து லெமனைப் பறித்து நாலு சில்லுக்கும் வைத்தார். ஒவ்வொன்றும் மாங்காய் அளவு.

செல்வா கிளச்சை விட்டான். கார் லெமனில் பாதி ஏறியது, குலுங்கியது, நின்றது. பின்னுக்கு உருண்டது. மறுபடியும் அதே கதை.

"நசுக்கிறதெண்டா ஒரேயடியா நசுக்குங்கோவன். இதென்ன அதுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியளோ?"

"தேசிக்காய் எண்டா எப்பவோ ஏறியிருப்பன். நீர் பூசணிக்காயை வைச்சிருக்கிறீர்!"

நான் பொறுமை கெட்டு லெமனைக் காலால் தட்டப் போனேன். "தொடாத!" என்று புருஷனும் "தொட்டுடாதேங்கோ!" என்று மனைவியும் ஒன்றாகக் கத்தினார்கள்.

கடைசியில் எஞ்சினை அலறவிட்டு ஏறினான். கார் ரோசாச் செடியில் போய் நின்றது.

பிறகு அவனே ஒரு வழி பிடித்தான். புறப்படும்போது மட்டும் கிளச். ஓடத் தொடங்கிவிட்டால் அதைத் தொடுவதில்லை. எஞ்சின் சத்தம் இறங்கிச் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து லீவரைத் தள்ளுவான். வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

அப்படிச் செய்யலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் ஓடினால் கறகற.

"பொறு மச்சான்... அது வரும். நீ ஏன் போய்க் கழுத்தில பிடிக்கிறாய்?"

டெஸ்ட் நாள். சோதகர் பெரிய உடம்புக்காரர். காரைச் சுற்றி வந்து பார்த்தார், அவனுடைய காலைப் பார்த்தார், ஏறினார். நான் நடைபாதையில் நின்றேன்.

முதல் கியர்... இரண்டாவது... மூலையில் திரும்பி மறைந்துவிட்டான். பிறகு சத்தமும் இல்லை.

நான் சிகரெட் பிடிப்பதில்லை. அன்று ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பிடித்தேன்.

வெகு நேரம் கழித்துத் தூரத்தில் அந்த எஞ்சின் கேட்டது. மூன்றில் இருந்து இரண்டுக்கு இறக்கவேண்டும், அதுதான் கஷ்டமான இடம். சத்தம் ஏறியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்... சுத்தமாக விழுந்தது.

இறங்கி வந்த சோதகர் என்னிடம் சொன்னார்: "ஸ்மூத் பொக்ஸ், மேட்."

செல்வா பாஸ். அந்த வரி போய்விட்டது.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கார்த் திறப்பை என்னிடம் எறிந்தான்.

"நீ ஓடு மச்சான். எனக்குக் கால் நோகுது."

வீடு வந்து சேரும்வரை பக்கத்து சீற்றில் இருந்து என் கியர் மாற்றத்துக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.

போய்ட்டு வா, செல்வா.