ஈயம் வைத்த பேனாக்கட்டை

நிப்பைச் செருகி, மையில் தொட்டு எழுதும் மரப் பேனாக்கட்டைகளைக் கடைவதுதான் அவள் தொழில். தெருவுக்கே அவள் கடைசல் அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் வெறும் அக்கா. அவள் கடைந்து கொடுத்த கட்டைகளால்தான் அவன் கல்லூரிப் பட்டச் சான்றிதழ்களில் பெயர் எழுதி வந்தான்.

காய்ச்சலில் விழுந்து எழுந்த வருடம் அவன் கை நடுங்கத் தொடங்கியது.

“திங்கக்கிழமை காலேஜுக்கு வந்து எழுதிக் காட்டணுமாம். சரியில்லைன்னா பிரிண்ட் போட்டுக்கறாங்களாம். விட்டுடலாம்க்கா. கை ஆடுது, முடியாது.”

முடியாது என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“ஆடுறது கைதானே? எழுத்து எதுக்குடா ஆடணும்?”

கட்டை இலேசாக இருந்தால்தான் மெல்லிய கோடு வரும் என்பது அவள் படித்த தொழில் பாடம். அன்று அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். இலேசான பொருளைத்தானே கை இஷ்டத்துக்கு ஆட்டும்? கருங்காலித் துண்டு ஒன்றைக் கட்டைவிரல் பருமனுக்குக் கடைந்து, வால் பக்கம் துளை போட்டு ஈயம் அடைத்தாள்.

தம்பி எழுதிப் பார்த்தான். நிப் தாளை விட்டுத் துள்ளியது. மை தெறித்துச் சட்டையெல்லாம் புள்ளி.

“இது பேனாவா, கிணத்து ஏற்றமாக்கா? பின்னாடி இழுத்து முன்னாடி தூக்குது.”

“வாயை மூடிக்கிட்டு சட்டையைக் கழட்டிப் போடு.”

அவனை அதட்டினாளே தவிர, தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். இருபத்தேழு வருடம் கடைந்தவள், துளை போட வசதியான பக்கத்தில் எடையை வைத்திருக்கிறாள்! எழுதுகிறவனுக்கு எங்கே வேண்டும் என்று யோசித்தாளா?

இரண்டாவது கட்டையில் ஈயம் விரல் பிடிக்கும் இடத்துக்கு நேர் கீழே போயிற்று. உப்புத்தாள் போட்டதோடு சரி, வார்னிஷ் பூசவில்லை. வியர்த்த விரல் வழுக்கக் கூடாது.

திங்கட்கிழமை அவளும் கூடவே போனாள். கல்லூரி மேனேஜர் வெற்றுச் சான்றிதழ் ஒன்றை நீட்டி ஒரு மாணவியின் பெயரைச் சொன்னார். தம்பி எழுதினான். முழங்கை வரை நடுங்கியது. ஆனால் நிப் தாளை விட்டு எழவில்லை. கனம் அதைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. மேனேஜர் எழுத்தைப் பார்க்கவே இல்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம், கை இப்படி நடுங்குதே...”

“ஏன் சார், கையையா சட்டம் போட்டு சுவத்துல மாட்டப் போறாங்க?” என்றாள் அக்கா. “தாளைப் பாருங்க.”

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மொத்தக் கட்டும் தம்பி பக்கம் நகர்ந்தது. முந்நூறு சான்றிதழ்கள்.

அடுத்தடுத்த வருடங்களில் நடுக்கம் கூடக் கூடப் பேனாக்கட்டையும் பருத்தது.

“அடுத்தது உலக்கையாக்கா?”

“தேவைப்பட்டா அதையும் கடைவேன். பிடிச்சு எழுதுறது உன் பாடு.”

ஆறாவது கட்டை பாதியில் நிற்கும்போது அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த மேனேஜர், “இனிமேலாவது நீங்க ஓய்வெடுக்கலாமே” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தம்பி எழுந்து பட்டறைக்குள் போனான். கடைசல் எந்திரத்தில் மாட்டியபடியே இருந்த கட்டையைக் கழற்றினான். மேலெல்லாம் உளி பட்ட வரிகள், உப்புத்தாள் காணாத சொரசொரப்பு. ஈயத்தை மட்டும் அவள் முதலிலேயே வைத்திருந்தாள், விரலுக்கு நேர் கீழே.

நிப்பைச் செருகிக்கொண்டு வெளியே வந்தான்.

“இந்த வருஷம் எத்தனை சார்?”