அண்ணியின் வண்டிக்கு டிஸ்க் பிரேக்

செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்து மெக்கானிக் ஷெட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் அண்ணன், அண்ணியின் தம்பி. ஷெட் அவனுடையது, நானும் அவனும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இல்லாதவர் அண்ணி. வேடந்தாங்கல் பக்கம் அவருடைய சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று முதல் நாளே பஸ் ஏறிவிட்டார். நாங்கள் பிரித்துப் போட்டிருந்த வண்டியை இனி ஓட்டப்போகிறவர் அவர்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு பழைய பிக்கப். அண்ணனுக்கு முன்னால் இரண்டு பேர் கையில் இருந்த வண்டி. விடியற்காலையில் சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குவார். அதில்தான் வீடு நடந்தது, நான் டிப்ளமோ முடித்ததும் அந்த வண்டியின் சம்பாத்தியத்தில்தான். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை.

அண்ணனுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்த அடிப்படையில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் திங்கள்கிழமை சேர வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது எங்கள் வீட்டுக்குப் புதிது, அதை விட மனமில்லை. மீன் லோடையும் விட முடியாது. வண்டி ஒரு நாள் நின்றாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார். எனக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, லைசென்ஸும் எடுத்திருக்கவில்லை. அண்ணியிடம் லைசென்ஸ் இருந்தது. லாரியில் கிளீனராகப் போய் ஓட்டக் கற்றவர் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி முறையாகக் கற்றவர் அண்ணி. அண்ணனுக்கு உடம்பு முடியாத நாட்களில் அவர்தான் லோடு எடுப்பார். எனவே அந்தத் திங்கள் முதல் அவரே தனியாக ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது.

ஒரே கவலை பிரேக். மீன் பெட்டிகளில் ஐஸ் கரைந்து, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பின் சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே வரும். பிரேக்கை மூடியிருக்கும் டிரம்முக்குள் போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. உள்ளிருந்து டிரம்மை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ துருப்பிடிக்கும். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், இன்னொன்று யோசித்துப் பிடிக்கும். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தபோது அண்ணன் மிதித்த மிதியில் வண்டி பாதி சுற்றி நின்றது. சைக்கிள்காரர் இறங்கி வந்து திட்டக்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு சாப்பிடும்போது அண்ணன், இந்த வண்டியை இப்படியே அவள் கையில் கொடுக்க மாட்டேன் என்றார்.

டிஸ்க் போடலாம் என்று சொன்னது நான். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுகிறது, தண்ணீர் பட்டாலும் உதறிவிடும், உள்ளே தேங்க இடமில்லை. மச்சான் உடனே ஒப்புக்கொண்டான். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் வேறொரு வண்டியின் டிஸ்க்குகளையும், அவற்றை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர்களையும் வாங்கி வந்தோம். அவற்றை அச்சில் பொருத்துவதற்கான தகடுகளை நான் அட்டையில் வெட்டிக் கொடுக்க, லேத்தில் இரும்பில் வெட்டித் தந்தார்கள். இந்த மாற்றத்துக்கு முறையாக அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதும் என் பங்கு. வீட்டில் காகிதம் என்றால் என்னிடம்தான் வரும்.

டிரம்மைக் கழற்றியபோது உள்ளே ஷூவின் மேல் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் ஒன்றைச் சுரண்டி எடுத்து, இது வஞ்சிரமா சீலாவா என்று அண்ணனிடம் கேட்டான். கேலிப்பர்களை முதலில் இடம் மாற்றி மாட்டிவிட்டோம். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் துளை மேலே இருக்க வேண்டும்; எங்களுக்குக் கீழே இருந்தது. எவ்வளவு மிதித்தும் பெடல் பஞ்சாகவே போக, திரும்பக் கழற்றி வலதை இடதில் போட்டோம். அதன் பிறகு பெடல் கெட்டியாக நின்றது.

பழைய டிரம்மிலிருந்து ஹேண்ட்பிரேக் கேபிள்கள் இரண்டும் கழன்று தொங்கின. நாங்கள் வாங்கிய கேலிப்பரில் அவற்றை மாட்ட இடமே இல்லை. மச்சான் அவற்றைச் சுருட்டி, கம்பியால் சட்டத்தோடு கட்டினான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் மீன் வண்டிக்காரர்கள் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. இரவில் அதை இழுத்துவிட்டு நிறுத்தினால் காலைக்குள் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். அண்ணி புதிதாக ஓட்டிய நாளில், ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தபடி இழுத்து வைத்துவிட்டுப் போய்த் தூங்கிவிட்டார். மறுநாள் சக்கரம் சுற்றவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பதற்குள் லோடு போய்விட்டது. அதைச் சொல்லி அவரைப் பல மாதம் கிண்டல் செய்திருக்கிறோம். எல்லோருக்கும் கல்தான். வண்டி நின்றதும் கூட வரும் ஆள் குதித்துச் சக்கரத்தடியில் ஒரு கல்லைப் போடுவான். எங்கள் கண்ணில் அந்தக் கேபிள் ஏற்கெனவே செத்த பொருள்.

பைபாஸின் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்த இடத்தில் நேராக நின்றது. அண்ணன் போனில் அண்ணியைக் கூப்பிட்டு, "ஆணி அடிச்ச மாதிரி நிக்குது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டது குறைவு.

புதன்கிழமை அண்ணி ஒத்திகை லோடு எடுத்தார். துணைக்கு நான் போனேன். வழியெல்லாம் பிரேக்கை மெச்சிக்கொண்டே வந்தார். சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி முன்னால், தண்ணீர் வழிந்தோடுவதற்காகச் சரிவாகப் போட்ட சிமெண்ட் தளம் உண்டு. வண்டியை ரிவர்ஸில் ஏற்றி நிறுத்த வேண்டும். சரிவின் கீழே மீன் கூடைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி ஏற்றி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது தண்ணீர் ஏறாத அடிகுழாயின் கைப்பிடி போல லேசாக மேலே வந்தது. காலை எடுத்துப் பார்த்தார். வண்டி கீழே நகர்ந்தது. மறுபடி பிரேக்கை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னா இது?"

கேபிளைக் கட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். நான் கதவைத் திறக்கப் போனேன். "எறங்காத. மொதல்ல அவருக்குப் போன போடு. நல்லா கேக்கற மாதிரி வை" என்றார்.

அண்ணன் போனில், கியரில் போட்டுவிட்டு இறங்கச் சொன்னார்.

"ரிவர்ஸ் கியர் நிக்காம உருவிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"செரி, தம்பிய கல்லு போடச் சொல்லு."

"திங்கக்கெழம தம்பியா வரப் போறான்? நா ஒருத்திதான வரேன். நா எறங்கிக் கல்லு போட்டா, பிரேக்க யாரு மிதிச்சிகினு இருப்பா?"

கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னாமே, வண்டிய வுட்டு எறங்க மாட்டியா? சீட்டோட தச்சிட்டாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி அவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கீழ பொம்பளைங்க குந்திகினு கீறாங்க. ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டிய நா எடுக்க மாட்டேன். லோட வேற ஆளுக்குக் குடுத்துக்கச் சொல்லிடுங்க."

அதற்குப் பிறகுதான் என்னை இறங்கிக் கல் போட விட்டார்.

மீனை இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்கு விட்டார். மச்சான் தேநீர் வாங்கி வரச் சொல்லிவிட்டுத் தன் தரப்பைச் சொன்னான். "ஹேண்ட்பிரேக்க யாருக்கா போடறாங்க?"

"நாந்தான்டா போடறேன். சரிவுல நிறுத்தும்போதெல்லாம் நாந்தான் போடறேன். நைட்டுல போடாதன்னீங்க, போடல. பகல்ல போட்டத எவனாவது பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணன் மாலையில் வந்து, பேசாமல் டிரம்மையே திரும்ப மாட்டிவிடலாமா என்று கேட்டார். அண்ணி வேண்டாம் என்றார். பிரேக் அவருக்குப் பிடித்திருந்தது. அதில் குறை சொல்லவில்லை. நிறுத்தினால் நிற்கவும் வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

சில கார்களின் பின் சக்கரத்தில், ஹேண்ட்பிரேக் கேபிள் மாட்டும் கையோடு கூடிய கேலிப்பர் வரும். வெள்ளிக்கிழமை நானும் மச்சானும் மறுபடி புதுப்பேட்டை போய், அந்த மாதிரி ஒரு ஜோடி தேடி எடுத்தோம். துளைகளின் இடைவெளி பழைய தகடுகளுக்கு ஒத்துவரவில்லை. மறுபடி அட்டை, மறுபடி லேத். கேபிள் நீளம் அதிகமாக இருந்ததால், அளவெடுத்துப் புதிதாகச் செய்யக் கொடுத்தோம். அது ஞாயிறு மதியம்தான் கைக்கு வந்தது.

இந்த ஞாயிறு அண்ணி இருந்தார். காலி மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறை கேபிளை இறுக்கும்போதும் எழுந்து போய் இழுத்துப் பார்த்தார். இரண்டு முறை பத்தாது என்றார். மூன்றாவது முறை ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கேலிப்பர் பற்றி ஒரு விஷயம் சொன்னான்.

"இத போடாம வுட்டாதான்கா பேஜாரு. உள்ள இறுகிக்கும். தெனமும் இழுத்து இழுத்து வுடணும்."

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஜாக்கியை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

திங்கள் காலை அண்ணன் கல்பாக்கத்துக்குப் புறப்பட்டார். அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட். அண்ணி தேவையில்லை என்று சொல்லியும் கேட்காமல் நான் பைக்கில் வண்டிக்குப் பின்னாலேயே போனேன். ஐஸ் கம்பெனிச் சரிவில் அவர் வண்டியை ஏற்றினார், இழுத்தார், இன்ஜினை அணைத்தார். காலை எடுத்ததும் வண்டி ஒரு விரல் அளவு கீழே நகர்ந்தது போல இருந்தது, பிறகு அசையவில்லை. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, முன் சக்கரத்தை ஒரு முறை பார்த்தார். போன வாரம் கேலி செய்த பெண், "இன்னிக்கு எறங்கிட்டியா?" என்று கேட்டார். "எறங்கிட்டேன்கா" என்று சொல்லிவிட்டு அண்ணி டீக்கடைக்கு நடந்தார். பெட்டி ஏற்றி முடியும் வரை வண்டி நின்ற இடத்தில் நின்றது.

அன்று மாலை அண்ணன் பஸ் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் கணக்கு கேட்டார். இரண்டு முறை லேத், இரண்டு ஜோடி கேலிப்பர், டிஸ்க், கேபிள், ஆயில், அனுமதிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினேன். மச்சான் கூலி வாங்கவில்லை. முதல் ஜோடியைப் புதுப்பேட்டைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டது போக, மொத்தம் முப்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய்.